இத்தாலியக் கப்பலில் அமெரிக்கர்கள்

தகராறு பெரும்பாலும் தண்ணீரில்தான் ஆரம்பிக்கிறது. மத்தியதரைக் கடலில் ஓடும் இத்தாலியக் கப்பலில் முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும் அமெரிக்கர், ஐஸ் போட்ட தண்ணீர் தானாக வரும் என்று காத்திருக்கிறார். அவர் ஊரில் எந்த உணவகத்துக்குப் போனாலும் மெனு வருவதற்கு முன்பே அது வந்துவிடும். காசு கிடையாது, பாதி குடித்ததும் திரும்ப நிரப்புவார்கள். இங்கே பணியாளர் வந்து, பாட்டில் தண்ணீர் கொண்டு வரட்டுமா, வாயு ஏற்றியதா சாதாரணமா என்று கேட்கிறார். அதற்குத் தனிக் கட்டணம். ஆயிரக்கணக்கில் டாலர் கொடுத்து வந்தவரிடம் தண்ணீருக்குக் காசா என்று அவர் முகம் மாறுகிறது. பக்கத்து மேஜையில் ஒரு இத்தாலியக் குடும்பம் இரண்டு பாட்டில் சொல்லிவிட்டுத் தன் பேச்சைத் தொடர்கிறது. இத்தாலியில் உணவகத்தில் தண்ணீரை வாங்கித்தான் குடிப்பார்கள். ஊரில் என்ன வழக்கமோ அதுவே கப்பலிலும்.

நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். என்னோடு வேலை செய்பவர்களில் பலர் கரீபியன் குரூஸ், அதாவது சொகுசுக் கப்பல் சுற்றுலா, போய்ப் பழகியவர்கள். கொஞ்ச காலமாக அவர்கள் ஐரோப்பியக் கம்பெனிகளின் கப்பல்களையும் எட்டிப் பார்க்கிறார்கள். காரணம் எளிது, டிக்கெட் மலிவு. திரும்பி வந்ததும் கதை கதையாகச் சொல்வார்கள், பாதி புகார், பாதி வியப்பு. அதையெல்லாம் கேட்டுக்கேட்டு நாங்களும் குடும்பத்தோடு மத்தியதரைக் கடலில் அப்படி ஒரு பயணம் போனோம். கடல், ஊர்கள் எல்லாம் ஒருபக்கம் இருக்கட்டும். என் கவனம் முழுக்க எங்களோடு வந்த அமெரிக்கர்கள் மேல்தான் இருந்தது.

எனக்குத் தோன்றியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்கள் குறை என்று பட்டியலிடுவதில் பெரும்பகுதி குறையே இல்லை. உலகத்தில் 2024-இல் குரூஸ் போனவர்கள் சுமார் 3.46 கோடிப் பேர். அதில் பாதிக்கும் மேல் வட அமெரிக்கர்கள். அதனால் சொகுசுக் கப்பல் என்றாலே தங்களுக்காகச் செய்யப்பட்டது என்று அவர்கள் நினைப்பதில் ஆச்சரியமில்லை. இத்தாலியக் கப்பலில் அவர்கள் பல நாட்டு விருந்தாளிகளில் ஒரு நாட்டார், அவ்வளவுதான். அந்த இடத்தில் நின்று அவர்களுக்குப் பழக்கமில்லை. நின்று பார்த்தவர்களுக்குக் கரீபியனில் கிடைக்காத ஒன்று அங்கே கிடைக்கிறது. அதை இப்போது அந்தக் கம்பெனிகளே, அமெரிக்கரைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரத்தில், ஒவ்வொன்றாகக் கழற்றி வைக்கின்றன. எனக்கு வருத்தம் அதில்தான்.

அமெரிக்க பாணி என்று நாம் சொல்வதை உண்டாக்கியவர்களும் முழுக்க அமெரிக்கர்கள் இல்லை. 1966-இல் நார்வே நாட்டுக் கப்பல் முதலாளி க்னுட் க்ளோஸ்டரும், இஸ்ரேலிலிருந்து வந்த டெட் அரிசனும் சேர்ந்து 'சன்வர்ட்' என்ற கப்பலை மயாமியிலிருந்து ஓட்டத் தொடங்கினார்கள். 1968-இல் ராயல் கரீபியனைத் தொடங்கியதும் நார்வேக் கம்பெனிகள்தான். அரிசன் பிரிந்து போய் 1972-இல் கார்னிவலைத் தொடங்கினார். விமானம் வந்த பிறகு அட்லாண்டிக்கைக் கடக்கக் கப்பல் தேவையில்லாமல் போனது. அப்போது கப்பலையே பொழுதுபோக்கும் இடமாக மாற்றியவர்கள் இவர்கள். சூதாட்டக் கூடம், நீச்சல்குளத்துப் போட்டிகள், எந்நேரமும் சாப்பாடு, பெயர் சொல்லிக் கூப்பிடும் பணியாளர், துண்டை மடித்துச் செய்த யானை. இதெல்லாம் சேர்ந்து ஒரு வார்ப்பு ஆகிவிட்டது. இரண்டு தலைமுறை அமெரிக்கர்கள் அதில் வளர்ந்திருக்கிறார்கள்.

அதே காலத்தில் இத்தாலியர்களும் ஃப்ளோரிடாவில் இருந்தார்கள். ஜெனோவாவின் கோஸ்டா குடும்பம் 1959-லேயே 'ஃப்ராங்கா சி' என்ற கப்பலை அங்கிருந்து கரீபியனுக்கு ஓட்டியது. பின்னாளில் கோஸ்டா அமெரிக்கர்களிடம் விற்றது இத்தாலிய வேடிக்கையை. ஒரு இரவு எல்லாரும் படுக்கை விரிப்பைச் சுற்றிக்கொண்டு பழைய ரோமானியர் வேஷம் போடுவார்கள், பணியாளர்கள் பாடிக்கொண்டே பரிமாறுவார்கள். அமெரிக்கர்களுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. கப்பலில் இருந்தவர்களும் பெரும்பாலும் அமெரிக்கர்கள், அவர்களுக்காகவே நடந்த நாடகம் அது. உண்மையான இத்தாலியர்கள் ஆயிரக்கணக்கில் குடும்பத்தோடு ஏறி வரும் கப்பல் முற்றிலும் வேறு விஷயம்.

அப்படிப்பட்ட கப்பல்களில் இன்று அமெரிக்கர்களிடம் அதிகம் பேசப்படுவது எம்எஸ்சி. சொரெண்டோவுக்குப் பக்கத்திலுள்ள சாந்தாஞ்ஞெல்லோவில் பிறந்த ஜான்லூயிஜி அபோன்டே என்ற கப்பல் தலைவர் 1970-இல் ஒரு பழைய சரக்குக் கப்பலோடு ஆரம்பித்த கம்பெனி. தலைமையகம் ஜெனிவாவில். கன்டெய்னர் கப்பல்களில் 2022-இல் டென்மார்க்கின் மெர்ஸ்க்கைத் தாண்டி உலகத்தில் முதலிடம் பிடித்தது. எண்பதுகளின் இறுதியில் நேப்பிள்ஸின் லாவ்ரோ கப்பல் கம்பெனியை வாங்கித்தான் பயணிகள் பக்கம் வந்தார்கள். 1985-இல் பயங்கரவாதிகள் கடத்திய 'அக்கிலே லாவ்ரோ' அந்தக் கம்பெனியின் கப்பல்தான். இன்றைக்கும் எல்லாம் அபோன்டே குடும்பத்தின் கையில். கார்னிவல், ராயல் கரீபியன், நார்வீஜியன் மூன்றும் நியூயார்க் பங்குச் சந்தையில் இருக்கின்றன, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டும். அபோன்டே குடும்பத்துக்கு அந்த நெருக்கடி இல்லை. அமெரிக்காவில் பல வருடம் பொறுத்திருந்து கால் ஊன்ற முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, கப்பலுக்கு வருவோம்.

அமெரிக்கர்களை முதலில் குழப்புவது ஏறுகிற முறை. கரீபியன் பயணத்துக்குத் தெளிவான தொடக்கமும் முடிவும் உண்டு. மயாமியில் எல்லாரும் ஒரே நாளில் ஏறுவார்கள். கப்பல் கிளம்பும்போது மேல்தளத்தில் பாட்டும் ஆட்டமும் இருக்கும். கடைசி இரவு எல்லார் அறை வாசலிலும் பெட்டிகள் வரிசையாக நிற்கும். மத்தியதரைக் கடலில் ஜெனோவா, மார்செய், பார்சிலோனா, ரோமுக்கான துறைமுகமான சிவிதாவெக்யா, நேப்பிள்ஸ் என்று கப்பல் ஒரு வட்டத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். வட்டப் பேருந்து மாதிரி. அதில் பல துறைமுகங்களில் ஆள் ஏறவும் இறங்கவும் செய்வார்கள். ஜெனோவாவில் ஏறியவர் ஜெனோவாவில் இறங்குவார், பார்சிலோனாக்காரர் பார்சிலோனாவில். கம்பெனிக்கு இதில் பெரிய லாபம். பயணிகள் விமானம் ஏற வேண்டியதில்லை. வீட்டிலிருந்து காரிலோ ரயிலிலோ துறைமுகத்துக்கு வந்துவிடலாம். நான்கு நாட்டு ஜனங்களை ஒரே கப்பலில் நிரப்பலாம்.

ஆனால் இதனால் கப்பலுக்கு முதல் இரவு என்ற ஒன்றே இல்லாமல் போகிறது. உங்கள் முதல் இரவு பக்கத்து அறைக்காரருக்கு நான்காவது இரவு. நடைவழியில் தினமும் யாருடைய பெட்டியாவது நிற்கும். இன்று சாப்பாட்டு மேஜையில் நெருக்கமாகப் பேசியவர் நாளை மறுநாள் இறங்கிவிடுவார், அந்த நாற்காலியில் வேறு ஒருவர். எங்கள் மேஜையில் இருந்த ஓஹையோ தம்பதிக்கு, இருவரும் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர்கள், இது பெரிய மனக்குறை. கரீபியன் கப்பல்களில் வாரக் கடைசிக்குள் கப்பலே ஒரு குடும்பமாகிவிடும், இங்கே அது நடக்கவே இல்லை என்று கணவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு ஊரில் குடியிருந்தால் இப்படித்தானே இருக்கும், யாரோ வருவார்கள், யாரோ போவார்கள், நமக்காக ஊர் தன் வாரத்தைத் தொடங்காது. எனக்கு அந்தக் கப்பல் ஓர் ஊராகத்தான் தெரிந்தது, எனக்கு அது பிடித்திருந்தது.

இந்த வட்ட முறையைப் பற்றிப் பேசும்போது கோஸ்டா கான்கோர்டியாவைச் சொல்லாமல் போக முடியாது. 2012 ஜனவரி 13 அன்று, சிவிதாவெக்யாவிலிருந்து கிளம்பிய அன்றிரவே அந்தக் கப்பல் ஜில்யோ தீவின் பாறையில் மோதியது. 32 பேர் இறந்தார்கள், அவர்களில் அமெரிக்கர்களும் உண்டு. அன்று சிவிதாவெக்யாவில் ஏறியவர்கள் சுமார் 700 பேர். அவர்களுக்குப் பாதுகாப்பு ஒத்திகை இன்னும் நடக்கவில்லை, மறுநாள் நடப்பதாக இருந்தது. ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அன்றைய விதி. விபத்து நடந்து சில வாரங்களிலேயே குரூஸ் கம்பெனிகள் கூடி, துறைமுகத்தை விட்டுக் கிளம்புமுன் ஒத்திகை முடிந்தாக வேண்டும் என்று முடிவெடுத்தன. பிறகு அது சர்வதேச விதியாகவும் ஆனது. அதனால்தான் இன்று இந்தக் கப்பல்களில் ஏறக்குறைய ஒவ்வொரு துறைமுகத்திலும் புதிதாக ஏறியவர்களுக்கு ஒத்திகை நடக்கிறது. ஏற்கெனவே இருப்பவர்களுக்கு அந்த அறிவிப்புகள் தினமும் காதில் விழும். இத்தாலியன், பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஜெர்மன், ஆங்கிலம் என்று வரிசையாக. தொந்தரவாக இருக்கிறது என்று சலித்துக்கொள்ளும் அமெரிக்கர்களிடம் நான் இந்தக் கதையைச் சொல்வதுண்டு.

பல மொழிகள் இருப்பதன் விளைவு அரங்கத்தில் இன்னும் நன்றாகத் தெரியும். அமெரிக்கக் கப்பலின் அரங்கத்தில் நகைச்சுவையாளர் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுவார், அல்லது பிராட்வே பாணி இசை நாடகம் நடக்கும். ஐந்து மொழிக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் அரங்கத்தில் பேச்சை வைத்து என்ன செய்ய முடியும்? அதனால் இத்தாலியக் கப்பலில் பாட்டு, நடனம், கயிற்றில் தொங்கும் வித்தை. முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். கதை இல்லை, பேச்சு இல்லை, கொஞ்ச நேரத்தில் தீர்ந்துபோகிறது என்று அமெரிக்கர்கள் குறைப்படுவார்கள். ஐரோப்பியர்களுக்கு அரங்கம் அந்த மாலையின் சிறு பகுதிதான். அவர்களுடைய மாலை வேறு இடத்தில் நடக்கிறது.

அந்த மாலையைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும். இரவுச் சாப்பாடு இரண்டு பந்தி. அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து கிளம்பும் கப்பல்களில் முதல் பந்தி ஐந்தரை, ஆறு மணிக்கே நிறைந்துவிடும். மத்தியதரைக் கடலில் இத்தாலியரும் ஸ்பானியரும் கேட்பது இரண்டாம் பந்தி, இரவு ஒன்பது, ஒன்பதரைக்கு. அதற்கு முன் இரண்டு மணி நேரம் அவர்கள் செய்யும் ஒரே வேலை நடப்பது. இத்தாலியச் சிற்றூர்களில் மாலையானால் எல்லாரும் நன்றாக உடுத்திக்கொண்டு கடைவீதியில் மேலும் கீழும் நடப்பார்கள், நின்று பேசுவார்கள், மறுபடி நடப்பார்கள். பாஸெஜாத்தா என்று அதற்குப் பெயர். இந்தக் கப்பல்களின் நடுவில் இருக்கும் நீண்ட வீதி அதற்காகவே போட்டது. 2017-இல் வந்த 'எம்எஸ்சி மெராவில்யா'வில் அந்த வீதியின் கூரை முழுக்க எல்இடி திரை, 80 மீட்டர் நீளம். எம்எஸ்சி கப்பல்களில் படிக்கட்டுக்கே ஸ்வரோவ்ஸ்கி படிகக் கற்கள் பதித்திருப்பார்கள். முதலில் பார்க்கும்போது கண்ணைக் கூசும். ஆனால் அந்தப் படியில் ஒரு பாட்டி கறுப்பு உடையும் முத்துமாலையுமாக, பேரனின் கையைப் பிடித்தபடி இறங்கி வருவதைப் பார்த்த பிறகு, யாருக்காக அது என்று எனக்கு விளங்கியது.

அமெரிக்கர்கள் அரைக்கால் சட்டையோடு அந்த வீதியில் வந்து, உட்கார இடம் எங்கே, அடுத்து என்ன நிகழ்ச்சி என்று கைபேசியில் தேடுவார்கள். நிகழ்ச்சி அவர்களைச் சுற்றி நடந்துகொண்டிருக்கும். சாப்பாடு முடியவே பதினொன்று ஆகும். அப்புறம்தான் நடனக் கூடங்களில் கூட்டம். எழுபது வயது இத்தாலியத் தம்பதிகள் வால்ஸும் மசூர்காவும் ஆடுவார்கள். நாற்பது வருடம் சேர்ந்து ஆடியவர்களின் கால்கள் ஒன்றையொன்று தேடுவதில்லை. குழந்தைகள் நடுராத்திரியிலும் சோபாக்களுக்கு நடுவில் ஓடிக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகளை எட்டு மணிக்குப் படுக்கப் போட்டுப் பழகிய அமெரிக்கப் பெற்றோர்கள் இதைப் பார்த்து அதிர்ந்துபோகிறார்கள். புகார்களில் அடிக்கடி வருவதில் இதுவும் ஒன்று, பெற்றவர்கள் கண்டிப்பதே இல்லை என்று. பெற்றவர்கள், பாட்டி தாத்தா, சித்தப்பா எல்லாரும் அந்தக் கூடத்திலேயே இருக்கிறார்கள், ஆளுக்கு ஒரு கண் பிள்ளைகள் மேல் இருக்கிறது. கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்த நமக்கு அது உடனே புரியும்.

ஓஹையோ ஆசிரியரின் கணவர் தினமும் பத்து மணிக்கு அறைக்குப் போய்விட்டார், கடைசி வரை. அந்த அம்மா மட்டும் தங்கிவிட்டார். முதல் நாள் ஓரமாக உட்கார்ந்து பார்த்தார். அடுத்த நாள் ஒரு இத்தாலியப் பாட்டி வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார், இருவருக்கும் பொது மொழி இல்லை. "எங்கள் தெருவில் எட்டு மணிக்கு எல்லாரும் கதவைச் சாத்திவிடுவோம். நான் இத்தனை பேருக்கு நடுவில் இருந்து எத்தனை வருடம் ஆயிற்று தெரியுமா?" என்று மறுநாள் காலை என்னிடம் சொன்னார். நான் அமெரிக்காவில் குடியேறிய நாளாய் உணர்கிற ஒன்றை அமெரிக்கர் ஒருவர் வாயால் கேட்டேன்.

ஏன் இவர்களுக்குள் இவ்வளவு வித்தியாசம் என்று யோசித்தால், குணம், பண்பாடு என்று பெரிதாகப் போவதற்கு முன்னால் விடுமுறைச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் வருடத்துக்குக் குறைந்தது நான்கு வாரம் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்தாக வேண்டும். அமெரிக்காவில் தனியார் நிறுவனங்களுக்கு அப்படி ஒரு மத்தியச் சட்டமே கிடையாது. முதலாளி கொடுத்தால் உண்டு. ஆகஸ்ட் 15 பண்டிகையை ஒட்டி இத்தாலியே மூடிக் கிடக்கும், அப்போது ஒரு குடும்பம் கப்பலில் ஒரு வாரம் வருகிறது என்றால் அது அவர்களுடைய கோடை விடுமுறையில் ஒரு பகுதி. இன்னும் இரண்டு வாரம் கடற்கரையில் மீதி இருக்கும். அமெரிக்கருக்குப் பல சமயம் அந்த வருடத்தின் பெரிய விடுமுறையே அந்த ஒரு வாரம்தான். எந்த மணி நேரமும் வீணாகக் கூடாது, எதுவும் தப்பாகப் போகக் கூடாது, கொடுத்த காசுக்கு எல்லாம் கையில் வந்தாக வேண்டும். அவர் தண்ணீருக்குக் கோபப்படுவதை அதிகப்பிரசங்கித்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். அவருடைய பதற்றம் எனக்கும் தெரிந்ததுதான், நானும் அதே நாட்டில் அதே விடுப்பை எண்ணி எண்ணிச் செலவழிக்கிறேன்.

துறைமுக நாட்களில் இது இன்னும் அப்பட்டம். சிவிதாவெக்யாவில் கப்பல் நின்றால் அமெரிக்கர்கள் விடியற்காலையிலேயே ஓடுவார்கள். ரோமுக்கு ரயிலில் ஒரு மணி நேரம், கொலோசியம், வாடிகன், ஓட்டமாக ஓடித் திரும்பினால் கால் வீங்கியிருக்கும். மறுநாள் லிவோர்னோ என்றால் அங்கிருந்து ஃப்ளோரன்ஸ், பீசா. இத்தாலியர்கள் ரோமை ஏற்கெனவே பார்த்தவர்கள். அவர்கள் கப்பலிலேயே தங்கி, நீச்சல்குளத்துக்குப் பக்கத்தில் வெயில் காய்வார்கள். அமெரிக்கர் சாய்வு நாற்காலிகள் காலியாகத்தானே இருக்கும் என்று நினைக்கும் நாளில் அவை நிறைந்திருக்கும்.

சின்னச் சின்ன உரசல்கள் நிறைய. பஃபேயில் பழச்சாறு காலையில் மட்டும்தான். காபி என்றால் பெரிய கோப்பையில் வடிகட்டிய காபி, திரும்பத் திரும்ப நிரப்புவது என்று நினைக்கும் அமெரிக்கர், பாரில் நின்றபடி இரண்டு மடக்கில் எஸ்பிரெஸ்ஸோ குடித்துவிட்டுப் போகும் கூட்டத்தைப் பார்த்துத் திகைப்பார். லிஃப்ட் முன்னால் வரிசை என்று ஒன்று இருக்காது. பணியாளர்கள் மரியாதையாக இருப்பார்கள், ஆனால் நண்பர் மாதிரி தோளில் தட்டிப் பேச மாட்டார்கள். அமெரிக்கக் கம்பெனிகளில் ஒரு நாளைக்கு ஆளுக்கு 15 டாலருக்கு மேல் டிப்ஸ் கணக்கில் ஏறும், அந்தச் சிரிப்பின் ஒரு பகுதி அதிலிருந்து வருகிறது என்பதை யாரும் நினைப்பதில்லை. இதையெல்லாம் ஒன்றிரண்டு நாளில் பழகிக்கொள்ளலாம்.

நம் ஊர் சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இத்தாலியச் சமையலில் தக்காளி பாஸ்தா, கத்தரிக்காய் பார்மிஜானா, பீன்ஸ் சூப் என்று இயல்பாகவே சைவம் நிறைய. ஆனால் சூப்பிலும் ரிசோட்டோவிலும் இறைச்சிச் சாறு சேர்ந்திருக்கலாம், கேட்டுவிடுங்கள். பர்மெஸான் பாலாடைக்கட்டியை உறைய வைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட். கண்டிப்பாகப் பார்ப்பவர்கள் அதையும் தவிர்க்கச் சொல்ல வேண்டும்.

இப்போது அமெரிக்கக் கரைக்கு வருகிறேன். 2013 நவம்பரில் எம்எஸ்சி தன் 'டிவினா' கப்பலை மயாமிக்குக் கொண்டுவந்தது. மத்தியதரைக் கடல் வாழ்க்கை முறையை அமெரிக்கர்களுக்குக் காட்டுவோம் என்ற நம்பிக்கையோடு வந்தார்கள். வந்த பிறகுதான் மேலே சொன்ன தண்ணீர், காபி, சாப்பாட்டு நேரம் எல்லாம் ஒவ்வொன்றாகப் பிரச்சினை ஆனது. விட்டுக்கொடுக்கத் தொடங்கினார்கள். 2017 டிசம்பரில் 'சீசைட்' மயாமியில் வந்து சேர்ந்தது, இத்தாலிய நடிகை சோபியா லோரன் அதற்குப் பெயர் சூட்டிய ஞானத்தாய். கரீபியன் வெயிலுக்கென்றே கடலைப் பார்த்துத் திறந்த வடிவம். 2019 இறுதியில் பஹாமாஸில் ஓஷன் கே என்ற தனித் தீவு. முன்பு மணல் அள்ளும் தொழில் நடந்து பாழான இடம், அதைச் சுத்தம் செய்து மரம் நட்டு, சுற்றியுள்ள கடலைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக ஆக்கியிருக்கிறார்கள். அந்த வேலையை மனதாரப் பாராட்டுகிறேன். 2023 ஏப்ரலிலிருந்து புரூக்ளினில் வருடம் முழுவதும் 'மெராவில்யா'. என் அக்கம்பக்கத்தில் எம்எஸ்சி பெயர் பரவியது அதற்கப்புறம்தான். வேறு கம்பெனியில் பல வருடம் போய்ச் சேர்த்த விசுவாசப் பயணி அந்தஸ்தை எம்எஸ்சி தன் கணக்கில் ஏற்றுக்கொண்டது. அமெரிக்கர்களை இழுத்ததில் அதற்கும் பங்குண்டு.

2025-இல் எல்லாம் உச்சத்துக்கு வந்தது. பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் ஆட்டத்தின் நடுவில் ட்ரூ பேரிமோரும் ஆர்லாண்டோ ப்ளூமும் நடித்த விளம்பரம். ஏப்ரலில் மயாமியில் பிரம்மாண்டமான புது முனையம், கூடவே 'வேர்ல்ட் அமெரிக்கா' என்ற கப்பல். பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். 6,700 பேருக்கு மேல் ஏறலாம். கடலுக்கு மேலே ஆடும் ஊஞ்சல், பதினொரு தளம் சறுக்கி இறங்கும் குழாய், விளையாட்டு பார், நகைச்சுவை நிகழ்ச்சிகளுக்கென்று ஒரு அரங்கு. ஆங்கிலம் முதன்மை. இத்தாலியின் ஈட்டாலி உணவகமும் உண்டு, ஆனால் அதற்குத் தனிக் கட்டணம். ஐஸ் தண்ணீர் இலவசம், இத்தாலியச் சாப்பாட்டுக்குக் கூடுதல் காசு. மத்தியதரைக் கடலில் இருந்த கணக்கு முழுசாகத் தலைகீழாகிவிட்டது.

எதிர்ப் பக்கத்திலிருந்து கார்னிவலும் இதையே செய்தது. 2000-த்திலிருந்து கோஸ்டா முழுக்க கார்னிவலுக்குச் சொந்தம். வெனிஸ் நகரத்தின் பாணியில் கட்டிய 'கோஸ்டா வெனிசியா'வை எடுத்து, 2023-இல் 'கார்னிவல் வெனிசியா' என்று நியூயார்க்கிலிருந்து ஓட்டினார்கள். அடுத்த வருடம் கோஸ்டாவின் இன்னொரு கப்பலான 'ஃபிரென்ஸே' கலிஃபோர்னியாவின் லாங் பீச்சுக்குப் போனது. 'வெனிசியா'வின் கூடத்தின் நடுவில் புனித மார்க் சதுக்கத்துத் தூணும் சிங்கமும் அப்படியே நிற்கின்றன, அதே கப்பலில் கார்னிவலின் பர்கர் கடை. பயணிகள் அநேகமாக எல்லாரும் அமெரிக்கர்கள். அதில் போய்வந்த என் நண்பர்கள் மிகவும் சந்தோஷமாகத் திரும்பினார்கள், அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் இத்தாலியக் கப்பலில் போனோம் என்று அவர்கள் சொல்லும்போது, அந்தக் கறுப்பு உடைப் பாட்டி இல்லாமல் அது எப்படி இத்தாலியக் கப்பல் ஆகும் என்று எனக்குத் தோன்றும்.

பெரும்பாலானவர்களுக்கு இது நல்ல வியாபாரம்தான். வாங்குகிறவர் கேட்பதை விற்கிறவர் கொடுக்கிறார். ஒரு வார விடுமுறைக்கு வருகிறவரிடம், உன் பழக்கத்தை மாற்றிக்கொள் என்று எந்தக் கம்பெனியும் சொல்லாது. ஆனால் அமெரிக்கர் ஒருவர் வெளிநாட்டுப் பயணம் போயும் தன் பழக்கம் எங்கும் இடறாமல் திரும்பி வர உலகத்தில் எத்தனையோ இடங்கள் இருக்கின்றன. இடறுகிற இடங்கள்தான் குறைந்து வருகின்றன. மத்தியதரைக் கடலிலேயே கூட, பணம் இருக்கும் அமெரிக்கர் எம்எஸ்சியின் யாட் கிளப் பகுதியில் அறை எடுத்துக்கொள்கிறார். 2008-இல் 'ஃபான்டாசியா'வோடு வந்த ஏற்பாடு அது. கப்பலுக்குள் கதவு வைத்த இன்னொரு கப்பல், தனி உணவகம், தனி நீச்சல்குளம், பட்லர். அங்கே எல்லாம் கேட்டபடி கிடைக்கும், தண்ணீர் உட்பட. எல்லாரும் நடக்கும் வீதி அந்தக் கதவுக்கு வெளியே இருக்கிறது.

இப்போது எம்எஸ்சியின் 'பொயேசியா' கப்பலை 2026 கோடையில் சியாட்டிலிலிருந்து அலாஸ்காவுக்கு ஓட்டப் போவதாக அறிவித்திருக்கிறார்கள். அலுவலகத்தில் ஒருவர் அதற்கு முன்பதிவு செய்துவிட்டு, ஐரோப்பியக் கப்பல் எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்டார். அலாஸ்காவின் பனிமலைகளுக்காகப் போகிறீர்கள் என்றால் தாராளமாகப் போங்கள் என்றேன். ஐரோப்பியக் கப்பலைப் பார்க்க வேண்டும் என்றால் ஜெனோவாவுக்கோ நேப்பிள்ஸுக்கோ விமானத்தில் போய், ஊர்க்காரர்கள் ஏறும் நாளில் ஏறுங்கள். இரண்டாம் பந்தி கேளுங்கள். மாலையில் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வீதியில் நடங்கள். தண்ணீருக்கு முதலிலேயே ஒரு பாட்டில் கட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், தனித்தனியாக வாங்குவதைவிட அது மலிவு.